புரிந்துகொள்ளப்படாத அழைத்தல்: கருமத்தம்பட்டியில் ஆயரான பிரெசில்லாக் – ஒரு நிகழ்வு ஆய்வு

கோவையிலிருந்து அவிநாசி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், விசைத்தறிச் சத்தம் ஓயாத சோமனூருக்குப் பக்கத்தில் இருக்கிறது கருமத்தம்பட்டி. அங்குள்ள புனித ஜெபமாலை அன்னை ஆலயத்தில் ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் தேர்த் திருவிழாவுக்குச் சுற்று வட்டாரத்திலிருந்து கத்தோலிக்கர் அல்லாதவர்களும் வருவதுண்டு. மதுரை மறைபரப்புத் தளத்தின் இயேசு சபைக் குருக்கள் 17ஆம் நூற்றாண்டில் ஊன்றிய இந்தப் பழைய தலத்தில், 1846 அக்டோபர் 4ஆம் நாள், அக்காலத் திருவழிபாட்டு நாட்காட்டியின்படி ஜெபமாலை அன்னையின் திருநாளாகவே அமைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், 32 வயது பிரெஞ்சுக் குரு ஒருவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவர் பெயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக்.

கொங்கு நாட்டுக் கத்தோலிக்கர்களிலேயே பலர் இன்று அவர் பெயரை அறிய மாட்டார்கள். அதற்குக் காரணமும் உண்டு. அவர் இந்த மண்ணில் ஆயராக இருந்த காலம் ஒன்பது ஆண்டுகளுக்கும் குறைவு. 1855இல் அவரது பதவி விலகலை உரோமை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டில் ஆப்பிரிக்காவுக்காக ஒரு புதிய மறைபரப்புச் சபையைத் தொடங்கிய அவர், 1859இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன் நகரில் கரையிறங்கிய ஆறு வாரங்களில், தமது 45ஆம் வயதில் இறந்தார். 2020இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படிகளில் ஒன்றான வணக்கத்துக்குரியவர் என அறிவிக்க ஒப்புதல் தந்தார். இவற்றை மட்டும் வரிசைப்படுத்திப் பார்த்தால், இடையில் கைவிடப்பட்ட வேலைகளும் முடிக்கப்படாத திட்டங்களுமாக ஒரு வாழ்க்கை தெரியும். அவருடன் வாழ்ந்தவர்களில் சிலருக்கும் அப்படித்தான் தெரிந்தது.

இவரை இங்கே எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. அழைத்தலில், அதாவது இறைப்பணிக்கு இறைவன் விடுக்கும் அழைப்பில், உறுதி என்று நாம் பேசும்போது, எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் முன்னே செல்லும் துணிச்சலையே பெரும்பாலும் மனத்தில் வைத்துக்கொள்கிறோம். பிரெசில்லாக்கின் வாழ்வில் உறுதி வேறு விதமாக வேலை செய்தது. தம்மைப் பிறர் புரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. ஆனால் அனுமதி தரவேண்டியவர்களின் அனுமதி இல்லாமல் எந்தக் கட்டத்திலும் அடியெடுத்து வைக்கவும் இல்லை. இந்த இரண்டையும் அவர் ஒன்றோடொன்று கலக்காமல் வைத்திருந்தார் என்பதே அவர் வாழ்விலிருந்து நமக்குக் கிடைக்கும் முக்கியமான செய்தி என்று நான் கருதுகிறேன்.

வீட்டிலிருந்து வந்த முதல் தடை

தெற்குப் பிரான்சின் காஸ்தெல்நொதாரி என்ற சிற்றூரில், 1813 டிசம்பர் 2ஆம் நாள், உயர்குடிக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தொடக்கக் கல்வியை அவருக்கு வீட்டிலேயே கற்பித்தவர் அவருடைய தந்தை. ஆசிரியராகவும் இருந்த தந்தைக்கும் மூத்த மகனுக்கும் இடையில் எத்தகைய நெருக்கம் இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மகன் குருமடத்தில் சேர்வதைத் தந்தை தடுக்கவில்லை. 1838இல் குருப்பட்டம் பெற்ற மகன், சொந்த ஊரின் தூய மிக்கேல் ஆலயத்திலேயே உதவிப் பங்குக்குருவாக அமர்ந்தபோது குடும்பத்துக்கு நிறைவாகவே இருந்திருக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. தாம் தூரநாட்டு மறைபரப்புப் பணிக்கு அழைக்கப்படுவதாக உணர்கிறேன் என்று மகன் சொன்னபோது தந்தை இசையவில்லை. அவருடைய மறைமாவட்ட ஆயரும் உடனே விடை கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் கவனிக்க வேண்டியது, தடைகள் இரண்டும் ஒரே தன்மையுடையவை அல்ல என்பதாகும். ஆயர், குருவின் மேலதிகாரி; அவருக்குக் கீழ்ப்படிவதாகத் திருநிலைப்பாட்டின்போது குரு வாக்குக் கொடுத்திருக்கிறார். தந்தைக்கு மகன் மீது பாசமும் உரிமையும் உண்டு. ஆனால் ஒரு குருவின் பணியிடத்தை முடிவு செய்யும் அதிகாரம் இல்லை. பிரெசில்லாக் ஆயரின் அனுமதிக்காகக் காத்திருந்தார். இடையில் ஒரு தியானத்தில் அமர்ந்து, இது தம்முடைய ஆசையா இறைவனின் அழைப்பா என்பதை ஆன்ம வழிகாட்டி ஒருவரின் துணையுடன் ஆராய்ந்தார். 1841இல் ஆயரின் இசைவு கிடைத்ததும் பாரிசிலுள்ள வெளிநாட்டு மறைபரப்புச் சபையில் சேர்ந்தார். தந்தையின் மனம் அப்போதும் முழுமையாக இளகியிருக்கவில்லை. அதற்காக அவர் பயணத்தைத் தள்ளிப்போடவில்லை. தந்தையோடு உறவை முறித்துக்கொள்ளவும் இல்லை.

1842 ஜூலையில் புதுச்சேரியில் இறங்கினார். தமிழ் கற்றுக்கொண்டு, அடுத்த ஆண்டு சேலம் பகுதியில் பணியாற்றினார். கொங்கு நாட்டோடு அவருக்கு ஏற்பட்ட முதல் தொடர்பு அதுதான். சேலம், சேந்தமங்கலம் பகுதிகளுக்கு 1623இலேயே இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நோபிலி வந்து சென்றிருக்கிறார் என்பதை நினைவில் கொண்டால், பிரெசில்லாக் எவ்வளவு பழைய பிரச்சினை ஒன்றின் நடுவே வந்து நின்றார் என்பது பின்னர் விளங்கும்.

குருமடமும் சக குருக்களும்

புதுச்சேரியில் 1844ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆயர் கிளமாந்து பொன்னான் ஆண்டகையின் தலைமையில் ஒரு மாமன்றம் கூடியது. அதில் விவாதிக்கப்பட்டவற்றுள் தலையாயது சுதேச குருக்களை உருவாக்குவது. அதன் முடிவுகளை உரோமைக்கு எடுத்துச் சென்றவர் லுக்கே என்ற இளம் குரு. 1845 நவம்பர் 23ஆம் நாள் உரோமையின் மறைபரப்புப் பேராயம் வெளியிட்ட அறிவுறுத்தல், மறைபரப்பு நாடுகளில் அந்தந்த மண்ணின் மக்களைக் குருக்களாக்க வேண்டும், அவர்களை வெறும் உதவியாளர்களாக வைத்திருக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும், ஆயர் பொறுப்புக்கும் அவர்களைத் தயாரிக்க வேண்டும் என்று தெளிவாகக் கூறியது. காகிதத்தில் இதைவிடத் தெளிவாக எழுத முடியாது.

பிரெசில்லாக்கின் அழைத்தலின் உள்ளடக்கமே இதுதான். தம் எல்லா வழிகளையும் ஆற்றலையும் சிந்தனையையும் சுதேச குருக்களை உருவாக்குவதற்கே செலவிடுவது என்பது அவர் தமக்குத் தாமே செய்துகொண்ட தீர்மானங்களுள் ஒன்று. மாமன்றத்துக்குப் பின் புதுச்சேரிக் குருமடத்தின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கோயமுத்தூர்ப் பகுதியின் ஆயராக நியமிக்கப்பட்ட பிறகும், நீலகிரி உள்ளிட்ட பரந்த நிலப்பரப்பில் ஆலயங்களும் பணமும் ஆட்களும் போதாமல் இருந்த நிலையிலும், அவர் முதலில் கவனம் செலுத்தியது குருமடத்தில்தான்.

சக மறைபரப்பாளர்கள் இதைப் புரிந்துகொள்ளவில்லை என்று சொன்னால் அவர்களுக்கு அநீதி செய்தவர்களாவோம். அவர்கள் கொள்கையளவில் எதிர்க்கவில்லை. சுதேச குருக்கள் வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் ஐரோப்பியக் குருவுக்குச் சமமாக அமர வேண்டுமா, தனிப் பங்கின் பொறுப்பை ஏற்க வேண்டுமா, நாளைக்கு ஐரோப்பியருக்கு மேலதிகாரியாகவும் ஆக வேண்டுமா என்ற கேள்விகள் எழுந்தபோது ஒவ்வொருவராகத் தயங்கினார்கள். இன்னும் காலம் கனியவில்லை என்பதே அந்தத் தயக்கத்தின் வழக்கமான சொல். பண்ணையாள் எத்தனை ஆண்டுகள் நன்றாக வெள்ளாமை செய்தாலும் கிணற்றுச் சாவியை அவன் கையில் கொடுக்க மனம் வராத தோட்டக்காரரின் மனநிலை அது. பிரெசில்லாக்கோ சாவியைக் கொடுத்தால்தான் பொறுப்பு வரும் என்ற பக்கம் நின்றார். அவரது நாட்குறிப்புகளிலும் நினைவுக் குறிப்புகளிலும் இந்தத் தனிமை தொடர்ந்து தலைகாட்டுகிறது.

இதே காலத்தில், 1853இல், கோயமுத்தூரில் இந்தியப் பெண்களுக்கான காணிக்கை மாதா துறவற சபை தோன்றியதும் நினைவுகூரத் தக்கது. நம் ஊர்ப் பெண்கள் துறவறம் மேற்கொள்ள முடியும், பள்ளிகளில் கற்பிக்க முடியும் என்பது அன்று வீட்டிலும் வெளியிலும் எளிதில் ஏற்கப்பட்ட கருத்தல்ல.

ஒரு சத்தியப் பிரமாணம்

பிரெசில்லாக் பதவி விலகியதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள, அன்று தமிழகத்துக்கு வந்த ஒவ்வொரு கத்தோலிக்க மறைபரப்பாளரும் செய்துகொடுக்க வேண்டியிருந்த ஒரு சத்தியப் பிரமாணத்தைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும்.

நோபிலி 1606இல் மதுரைக்கு வந்து, உள்ளூர்ப் பழக்கவழக்கங்களில் சமயக் கலப்பு இல்லாதவை என்று தாம் கருதியவற்றைக் கிறிஸ்தவர்கள் தொடரலாம் என்று அனுமதித்தார். அவருக்குப் பின் ஒரு நூற்றாண்டு காலம் இது பற்றிய சர்ச்சை ஓயவில்லை. 1703இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் துர்னோன் அடுத்த ஆண்டு ஒரு தடையாணை பிறப்பித்தார். அதன் விதிகளைப் படித்தால், ஏதோ இறையியல் நூலைப் படிப்பதுபோல் இருக்காது. ஒரு தமிழ் வீட்டுக்குள் நுழைந்து ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்துப் பார்ப்பதுபோல் இருக்கும். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, சிலுவை பொறிக்கலாம். மஞ்சள் தோய்த்த 108 இழைக் கயிற்றில் தாலியைக் கோக்கக் கூடாது. திருமணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது. மாதவிலக்கான பெண்களைப் பாவசங்கீர்த்தனத்திலிருந்து விலக்கக் கூடாது. கிறிஸ்தவ இசைக்காரர்கள் கோவில் விழாக்களில் வாசிக்கக் கூடாது. திருமுழுக்கில் உமிழ்நீர் தொடும் சடங்கை, உள்ளூர் மக்கள் அருவருக்கிறார்கள் என்பதற்காக விட்டுவிடக் கூடாது. பறையர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் நோயுற்றால், குரு அவருடைய வீட்டுக்குள்ளேயே சென்று திருவருட்சாதனம் வழங்க வேண்டும். அவரை வெளியே கொண்டுவரச் சொல்லக் கூடாது.

1744இல் திருத்தந்தை 14ஆம் ஆசீர்வாதப்பர் வெளியிட்ட ஆணை இந்த விவகாரத்தை முடித்துவைத்தது. மறைபரப்பாளர்கள் அனைவரும் அதன்படி நடப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்றும் உறுதிப்படுத்தியது. அதே ஆணை, தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்கும் ஏற்பாட்டையும் அனுமதித்தது. தடையும் விலக்கும் ஒரே ஏட்டில் இருந்தன. அடுத்த நூறு ஆண்டுகளில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நடைமுறை உருவாகிவிட்டது. எதை விட்டுவிடலாம், எதைக் கண்டும் காணாமல் இருக்கலாம், எதில் கண்டிப்புக் காட்டலாம் என்பதை அனுபவம் மிக்க குருக்கள் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏட்டில் உள்ளதை அப்படியே அமல்படுத்தினால் பங்கு முழுவதும் கலைந்துவிடும் என்ற பயம் உண்மையானதுதான்.

பிரெசில்லாக்கினால் இந்த நடைமுறையோடு ஒத்துப்போக முடியவில்லை. சாதிப் பழக்கங்களை எதிர்த்த புரட்சியாளராக அவரை இன்று சித்திரிப்பது எளிது. அப்படிச் சித்திரித்தால் அவருக்கு நல்ல பெயரும் கிடைக்கும். ஆனால் அவரது நிலைப்பாடு அவ்வளவு நேர்க்கோடானதல்ல. உள்ளூர் வழக்கங்களில் பலவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. உரோமையின் தடை அளவுக்கு மீறிக் கடுமையானது என்ற ஐயமும் இருந்தது. அவரை வாட்டியது வேறு. நற்செய்தி நூலின்மீது கைவைத்து ஒன்றைச் செய்வேன் என்று சத்தியம் செய்துவிட்டு, மறுநாளே அதைச் செய்யாமல் இருப்பதை எல்லோரும் இயல்பாக எடுத்துக்கொள்வது. உரோமை இந்த வழக்கங்களை அனுமதிக்கட்டும், அல்லது தடுக்கட்டும். எது என்று தெளிவாகச் சொல்லட்டும் என்பதே அவரது கோரிக்கை. ஆயர் என்ற முறையில் தமக்குக் கீழுள்ள குருக்களின் மனச்சாட்சிக்கும் தாம் பொறுப்பு என்பதால், இதைத் தம் சொந்த மனக்குழப்பமாக ஒதுக்கிவைக்க அவரால் இயலவில்லை.

கேட்டுக் கேட்டுச் சலித்த பிறகு, 1854இல் அவரே உரோமைக்குப் புறப்பட்டார். அங்கே கிடைத்தது மரியாதையான வரவேற்பு. கிடைக்காதது தெளிவான பதில். ஒருவேளை தெளிவான பதில் எதுவும் சாத்தியமில்லை என்பதை உரோமை அறிந்திருக்கலாம். மறைபரப்புத் தளங்களின் மற்ற ஆயர்கள் பலர் அந்த மங்கலான நிலையிலேயே நற்பணிகள் செய்து மடிந்தார்கள். பொன்னான் ஆண்டகை அவர்களில் ஒருவர்; அவரைக் குறைத்து மதிப்பிட எந்தக் காரணமும் இல்லை. ஆனால் பிரெசில்லாக் பதவி விலகினார். 1855 மார்ச்சில் அது ஏற்கப்பட்டது.

விலகல் பற்றிய மதிப்பீடு

அவர் காலத்தில் இதற்குச் சொல்லப்பட்ட விளக்கம், அளவுக்கு மீறிய மனச்சாட்சி உறுத்தல் என்பது. இன்றும் அவ்வாறு கருதுவோர் உண்டு. ஆயர் தம் மந்தையை விட்டுச் செல்லலாமா, கருமத்தம்பட்டியில் அவர் தொடங்கிவைத்த குருமட மாணவர்களின் கதி என்ன, அவர் நம்பிய சுதேச குருக்களை நடுவழியில் விட்டுவிட்டுப் போனது எப்படி நியாயம் என்ற கேள்விகள் வலுவானவை. அவற்றுக்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை; அவரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் விலகலைக் கொங்குத் திருச்சபைக்கு ஏற்பட்ட இழப்பு என்றே நான் கணிக்கிறேன்.

ஆனாலும் அவர் எதை விட்டார், எதை விடவில்லை என்பதைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். அவர் விட்டது பதவியை. மறைபரப்புப் பணியை விடவில்லை. தம் சபையின் மீதோ உரோமையின் மீதோ குற்றப்பத்திரிகை எழுதி வெளியிட்டுவிட்டு வெளியேறவும் இல்லை. தனக்கென்று ஒரு குழுவைத் திரட்டிக்கொண்டு, நானே சரி என்று கோயமுத்தூரிலேயே தனியாக நடத்தியிருக்கவும் முடியும். பதுரவாதோ உரிமை (திருச்சபை நிர்வாகத்தில் போர்த்துகீசிய அரசுக்கு உரோமை அளித்த உரிமை) என்று சொல்லிக்கொண்டு கோவாக் குருக்கள் தனி அதிகாரம் நடத்திக்கொண்டிருந்த காலம் அது, பிளவு என்பது யாருக்கும் அதிர்ச்சி தரும் செய்தியாக இருந்திருக்காது. அவர் அந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்கவில்லை. அழைத்தலையும் பதவியையும் ஒன்றென்று நினைத்தவருக்கு இது சாத்தியமாகியிருக்காது. பதவி போனால் அழைத்தலும் போய்விடும் என்று அஞ்சுகிறவரே பதவியை எப்பாடுபட்டேனும் பிடித்துக்கொள்வார், அல்லது பிடுங்கப்பட்டால் பிளவை உண்டாக்குவார்.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆப்பிரிக்காவின் தகோமிப் பகுதிக்குச் செல்ல அவர் உரோமையிடம் அனுமதி கேட்டார். தனியாகப் போக வேண்டாம், ஒரு சபையைத் தொடங்குங்கள் என்று உரோமை சொன்னது. 1856 டிசம்பர் 8ஆம் நாள் லியோன் நகரின் ஃபூர்வியேர் மலைமீதுள்ள மாதா கோவிலில், சில தோழர்களுடன் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபை தொடங்கப்பட்டது. தகோமிக்குப் பதிலாகச் சியாரா லியோன் அவருக்கு ஒதுக்கப்பட்டது. 1859 மே மாதம் அவர் ஃப்ரீடவுனில் இறங்கியபோது நகரில் கொள்ளைநோய் பரவியிருந்தது. ஜூன் மாதத்துக்குள் அவரும் அவருடன் இருந்த தோழர்கள் நால்வரும் அடுத்தடுத்து இறந்தார்கள். லியோனில் பொறுப்பாளராக விட்டுவரப்பட்டிருந்த அகுஸ்தின் பிளாங்க் என்ற குரு, சபையைக் கலைத்துவிடுவதுதான் அறிவுடைமை என்று எவரும் சொல்லக்கூடிய நிலையில், திருத்தந்தை 9ஆம் பத்திநாதரின் ஊக்கத்துடன் அதைத் தொடர்ந்து நடத்தினார். அந்தச் சபை இன்றும் ஆப்பிரிக்காவில் பணியாற்றுகிறது.

கொங்கு நாட்டில் அவர் விட்டுச்சென்ற வேலை மிக மெதுவாகவே முன்னேறியது. கோவையில் அவர் காலத்தில் தொடங்கிய தூய மிக்கேல் பேராலயக் கட்டடம் 1867இல் நிறைவுற்றது. 1886இல் கோயமுத்தூர் மறைமாவட்டமானது. இலத்தீன் வழிபாட்டு முறைத் திருச்சபையில் நவீன காலத்தின் முதல் இந்திய ஆயராகத் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை தூத்துக்குடிக்கு 1923இல் வந்தார். கோவைக்கு உபகாரசாமி ஆண்டகை 1940இல் ஆயரானார். 1845ஆம் ஆண்டு அறிவுறுத்தலிலிருந்து எண்ணினால் 95 ஆண்டுகள். காலம் கனியட்டும் என்றவர்கள், அது கனிவதற்கு ஒரு நூற்றாண்டு எடுத்துக்கொண்டார்கள்.

நம் வீடுகளில்

பிரெசில்லாக்கின் கதையை இன்றைய கொங்குக் குடும்பங்களுக்குப் பொருத்திப் பார்ப்பதில் ஒரு சிரமம் இருக்கிறது. நம் வீடுகளில் பையன் குருமடம் போகிறேன் என்று சொல்லும்போது எழும் எதிர்ப்பு இறையியல் சார்ந்ததல்ல. பிளஸ் டூ தேர்வு முடிந்த மே மாதத்தில், மறைமாவட்டத்தின் இறையழைத்தல் முகாமுக்குப் போய்வந்த பையனை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வரும் தாய், சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசுவதை எந்தப் பங்குக்குருவும் பலமுறை பார்த்திருப்பார். "ஏனுங் சாமி, ஒத்தப் பையனுங்க. இவனும் போயிட்டான்னா எங்களுக்குக் கஞ்சி ஊத்தறதுக்கு ஆரு இருக்கறாங்க?" தந்தை பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடுவார். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவருக்கும், சோமனூரில் நான்கு தறி ஓட்டுபவருக்கும், பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவருக்கும் கேள்வி ஒன்றுதான்: இத்தனை பாடுபட்டுச் சேர்த்ததை யார் பார்ப்பது? பெண்பிள்ளை கன்னியர் மடத்துக்குப் போகிறேன் என்றால் கேள்வி இன்னும் கூர்மையாகும். காதல் தோல்வியோ, வீட்டில் ஏதும் குறையோ என்று உறவினர்கள் காதோடு காதாகப் பேசத் தொடங்குவார்கள்.

இந்தக் கேள்விகளை விசுவாசக் குறைவு என்று ஒதுக்கிவிடுவது தவறு. தாய் கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை மகனுக்கு உண்டு. ஆனால் அவள் கேட்பது அனுமதி மறுப்பாக எப்போதும் இருப்பதில்லை. "நீங்க கூட்டிட்டுப் போறதுன்னா போங்க சாமி, எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கலீங்க" என்று அதே தாய் அடுத்த வாக்கியத்தில் சொல்வாள். அந்த வாக்கியத்தில் அனுமதி இருக்கிறது, புரிதல் இல்லை. இளைஞர்கள் பலர் இங்கே தடுமாறுகிறார்கள். தாய்க்கும் தந்தைக்கும் முழுமையாக விளங்க வேண்டும், அவர்கள் மகிழ்ச்சியோடு வழியனுப்ப வேண்டும் என்று எதிர்பார்த்து, அது கிடைக்காதபோது தம் அழைத்தலையே சந்தேகிக்கிறார்கள். எருசலேம் கோவிலில் பன்னிரண்டு வயது இயேசு சொன்னதை அவருடைய பெற்றோரே புரிந்துகொள்ளவில்லை என்று லூக்கா எழுதுகிறார்; அடுத்த வசனத்திலேயே அவர் அவர்களுடன் நாசரேத்துக்குச் சென்று அவர்களுக்குப் பணிந்து நடந்தார் என்றும் எழுதுகிறார். இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசிக்காதவர்கள் ஒன்று வீட்டாரை மீறுகிறார்கள், அல்லது வீட்டாருக்காக அழைத்தலை விட்டுவிடுகிறார்கள்.

எதிர்த்திசையில் நடக்கும் தவறும் நம் பகுதியில் குறைவில்லை. ஆண்டவர் என்னோடு பேசினார் என்று சொல்லிக்கொண்டு, நல்ல வேலையை ஒரே நாளில் எழுதிக்கொடுத்துவிட்டு, வாடகை மாடியில் கூடுகை தொடங்குகிறவர்களை ஈரோட்டிலும் திருப்பூரிலும் காணலாம். அவர்களில் உண்மையானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த அழைத்தலை ஆராய்ந்து பார்க்க, ஆம் என்றோ பொறு என்றோ சொல்ல, அவர்களுக்கு மேலே ஒருவரும் இல்லை. மனைவியின் கண்ணீர்கூடச் சாத்தானின் தடையாக விளக்கப்பட்டுவிடுகிறது. தென்னிந்தியத் திருச்சபையில் ஊழியத்துக்கு விண்ணப்பிப்பவர் முதலில் சபைக் குழுவின் பரிந்துரையையும் பிறகு திருமண்டலத்தின் நேர்காணலையும் கடந்துதான் இறையியல் கல்லூரிக்குப் போக முடியும். பலருக்கு இது வெறும் காகித வேலையாகத் தோன்றும். பிரெசில்லாக்கைப் போன்ற ஒருவர் அதை அவ்வாறு கருதியிருக்க மாட்டார். தம்மைப் பற்றித் தாமே முடிவு செய்துகொள்வதை விட, தம்மை அறிந்த பிறர் ஆராய்ந்து சொல்வது நம்பகமானது என்று நினைத்தவர் அவர்.

இன்றைய திருச்சபைச் சட்டம் இதற்குத் தாராளமான கால இடைவெளியைத் தருகிறது. துறவு சபையில் சேர்பவருக்கான தொடக்கப் பயிற்சிக் காலமாகிய புகுமுகத் துறவு குறைந்தது பன்னிரண்டு மாதங்கள். தற்காலிக வார்த்தைப்பாடு (துறவற வாக்குறுதி) குறைந்தது மூன்று ஆண்டுகள். இறுதி வார்த்தைப்பாட்டுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். குருத்துவத்தை நோக்கிச் செல்பவர் திருத்தொண்டராவதற்கு 23 வயதும், குருவாவதற்கு 25 வயதும் வேண்டும். பிளஸ் டூ முடித்துக் குருமடம் போகும் பையனுக்குக் குருப்பட்டம் வரை ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் எத்தனையோ விடுமுறைகளுக்கு அவன் வீட்டுக்கு வருவான், தறிக்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவோடு பேசுவான். வீட்டாருக்கு அந்தக் காலத்துக்குள் விளங்கலாம், விளங்காமலும் போகலாம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1026ஆம் பிரிவு, எவரையும் எந்த வகையிலும் எந்தக் காரணத்துக்காகவும் திருநிலைப்பாட்டுக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. தகுதியுள்ள ஒருவரை அதிலிருந்து தடுக்கவும் கூடாது என்று அதே வாக்கியத்தில் சொல்கிறது. பங்கு இல்லத்துக்கு வரும் தாய்க்கும் வாசலில் நிற்கும் தந்தைக்கும் இந்தப் பிரிவின் இரண்டு பாதிகளையும் பங்குக்குரு வாய்விட்டு வாசித்துக் காட்டலாம். பையனும் அப்போது உடன் இருப்பது நல்லது.